சட்டமன்றத்தில் ஒலிக்கும்படி ஒரு மனு எழுதுவது எப்படி

வேலூரில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். 1994-ல் ஒரு தட்டச்சு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது தாளின் தலைப்பில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று அடித்தேன். பிறகு அது 'வேலூர் மாவட்டம்' ஆயிற்று. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆற்காட்டிலிருந்து வருபவருக்கு இராணிப்பேட்டை என்றும், வாணியம்பாடியிலிருந்து வருபவருக்குத் திருப்பத்தூர் என்றும் மாற்றி அடிக்கிறேன். தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்துவிட்டது. மனுவின் கடைசி வரி மட்டும் மாறவே இல்லை: 'ஆகவே, ஐயா அவர்கள் எங்கள் நிலையைக் கருணையுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

இந்த வரியை நானே எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். அதில் தவறு இருக்கிறது என்று புரிய எனக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எம்.எல்.ஏ. எவ்வளவு அக்கறை உள்ளவராக இருந்தாலும், அப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு அவையில் எழுந்து எதையும் கேட்க முடியாது. அவருக்குத் தேவை ஒரு துறை, ஒரு செயல், ஒரு தேதி, ஓர் எண். இவற்றை நாம் கொடுக்காவிட்டால் அவருடைய உதவியாளர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நாள்தோறும் கட்டுக்கட்டாக மனு வாங்கும் உதவியாளருக்கு அதற்கு நேரம் கிடையாது.

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருடைய குறை வீடு, பேருந்து, ஊராட்சி அல்லது மாநகராட்சி வேலை என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். அந்த மூன்றை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஆளையும் அவையையும் சரியாகப் பிடியுங்கள்

காட்பாடி வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஊர் வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஆனால் காட்பாடி சட்டமன்றத் தொகுதி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் அடங்கியது. காட்பாடி ரயில் நிலையத்தைப் பற்றி வேலூர் எம்.பி.க்கு எழுதி, ஆறு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆம்பூரும் வாணியம்பாடியும் இதற்கு நேர்மாறு: மாவட்டம் திருப்பத்தூர், எம்.பி. வேலூர். திருப்பத்தூர், ஜோலார்பேட்டைக்காரர்களுக்கோ எம்.பி. திருவண்ணாமலை. கலெக்டர் யார் என்பதை வைத்து எம்.பி. யார் என்று முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது, எந்த அவை. ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் அரசமைப்புச் சட்டத்தில் ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ளவை. உள்ளாட்சியும் நிலமும் மாநிலப் பட்டியல். டவுன் பஸ் ஓடவில்லை என்று எம்.பி.யிடம் கொடுத்தால் அவர் அதை மக்களவையில் கேள்வியாக்க முடியாது. ஒன்றிய அரசின் பொறுப்பில் இல்லாத பொருளைக் கேள்வியாக ஏற்பதற்கு மக்களவை விதி இடம் தருவதில்லை. சில வேலைகள் இரண்டு பக்கமும் நிற்கும். ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் கேட்கிறீர்கள் என்றால், தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயின் வேலை, இருபுறமும் ஏறி இறங்கும் சாலையும் அதற்கான நிலமும் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் வேலை. இரண்டு தாள் எழுதுங்கள். எம்.பி.யிடம் பாலத்தின் நிலையைக் கேளுங்கள், எம்.எல்.ஏ.விடம் நில எடுப்பின் நிலையைக் கேளுங்கள். ஒரே தாளில் இரண்டையும் எழுதினால், 'இது எங்களிடம் இல்லை, அவர்களிடம்' என்ற பதிலை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

சாலை என்றால் அது யாருடைய சாலை என்று முதலில் பாருங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத தெருவென்றால் ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா என்று ஊராட்சிச் செயலரைக் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு அரை நாள் செலவழித்தால், பின்னால் ஓர் ஆண்டு மிச்சமாகும்.

உங்கள் எம்.எல்.ஏ. அமைச்சராக இருந்தால், அவர் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை, பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறார். காட்பாடிக்காரர்களுக்கு இது பழக்கமான நிலைமை. அந்தத் தொகுதியில் வென்ற துரைமுருகன் 2006 முதல் 2011 வரை அமைச்சராக இருந்தார், 2021-ல் மீண்டும் அமைச்சரானார். அப்போது அமைச்சரின் அலுவலகத்தில் மனுவைக் கொடுங்கள். அதே பிரச்சினை பக்கத்துத் தொகுதியையும் தொட்டால் அந்த உறுப்பினரிடமும் ஒரு படி கொடுங்கள். எம்.பி. விஷயத்தில் இன்னொரு வழியும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குப் போன 18 பேரும் ஒன்றிய அரசைக் கேள்வி கேட்கலாம்.

கேட்க ஆளே இல்லாத காலத்தையும் வேலூர் பார்த்திருக்கிறது. 2019-ல் எங்கள் மக்களவைத் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ம் தேதிதான் வாக்குப்பதிவு நடந்தது. புதிய மக்களவையின் முதல் கூட்டத்தொடர் ஜூன் 17-ல் தொடங்கி ஆகஸ்ட் 6-ல் முடிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தொடர் முழுவதும் வேலூருக்கென்று ஓர் உறுப்பினர் கிடையாது. உள்ளாட்சியின் கதை இன்னும் மோசம். 2016 அக்டோபருக்குப் பிறகு எங்கள் ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் வந்தது, மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். இடையில் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் எம்.எல்.ஏ. வீட்டுக்குத்தான் போனார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வார்டு உறுப்பினர் செய்யக்கூடிய வேலையைச் சட்டமன்றத்துக்கு அனுப்பாதீர்கள். வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள். உங்கள் வார்டு எது, உறுப்பினர் யார் என்று தெரிந்து வைத்திருங்கள்.

வீட்டு மனுவை மூன்றாக உடையுங்கள்

எங்கள் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் இருபதுக்கும் மேற்பட்ட குடிசைகள். அங்கிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளில் நான்கு முறை மனு எழுதிக் கொடுத்தேன். 'பட்டா வேண்டும், கான்கிரீட் வீடு வேண்டும், தண்ணீர்க் குழாய் வேண்டும்' என்று ஒரே தாளில் எழுதினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன், அதுதான் என் தவறு. பட்டா வருவாய்த் துறை, வீடு ஊரக வளர்ச்சித் துறை, குழாய் ஊராட்சி. தாள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற பதில் மட்டும் நான்கு முறை வந்தது. நான்காவது பதிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, இதில் எங்கள் ஊர்ப் பெயராவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. அன்றிலிருந்து ஒரு தாளில் ஒரு துறைக்கு மேல் நான் எழுதுவதில்லை.

வீட்டுப் பிரச்சினை வந்தால் முதலில் நிலத்தைப் பாருங்கள். சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, 'அ' பதிவேட்டில் (கிராமத்து நிலக் கணக்கில்) அந்த நிலம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். நத்தமா (குடியிருப்பு நிலம்), ஆட்சேபணையற்ற புறம்போக்கா, அல்லது ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற ஆட்சேபணையுள்ள புறம்போக்கா? கடைசி வகையென்றால் அதே இடத்தில் பட்டா கேட்டு எழுதாதீர்கள், கிடைக்காது. மாற்று இடம் கேட்டு எழுதுங்கள். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள், ஆனால் வீடு கட்டச் சொந்த மனை இருக்க வேண்டும். மனை இல்லாதவருக்காக வீடு கேட்டு எழுதும் தாள் வீண் தாள். நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (2021 வரை குடிசை மாற்று வாரியம் என்ற பெயர்). சத்துவாச்சாரி போன்ற ஹவுசிங் போர்டு மனையில் கிரயப் பத்திரம் வரவில்லை என்றால் வீட்டுவசதி வாரியம். இரண்டுக்கும் ஒரே அமைச்சர் இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். வாரியத்தின் பெயரைச் சரியாக எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'உங்கள் தொகுதி நிதியிலிருந்து எனக்கு ஒரு வீடு கட்டித் தாருங்கள்' என்று கேட்டு வருபவர்கள் பலர். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி என்று ஒதுக்கீடு உண்டு. அந்தப் பணம் அவர் கைக்கு வருவதில்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். அதுவும் பொதுச் சொத்துக்கு மட்டும். நிழற்குடை, வகுப்பறை, குடிநீர்த் தொட்டி போன்றவற்றைக் கேளுங்கள். எம்.பி. நிதியில் பழங்குடியினர் வாழும் பகுதிக்கு 7.5 விழுக்காடும், ஆதிதிராவிடர் வாழும் பகுதிக்கு 15 விழுக்காடும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிய தாளுக்கு மரியாதையே வேறு.

பேருந்து: ஒரு நோட்டுப் புத்தகம் செய்த வேலை

அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாலைந்து பெண்கள் என்னிடம் வந்தார்கள். எல்லோரும் வேலூர் மருத்துவமனைகளில் துப்புரவு வேலை செய்பவர்கள். இரவில் வேலை முடிந்து பழைய பேருந்து நிலையத்துக்கு வந்தால் கடைசி நடை, அதாவது அன்றைய கடைசிப் பேருந்து, வருவதில்லை. 'அடிக்கடி வருவதில்லை' என்று எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஒரு மாதம் தினமும் தேதி, பேருந்து வந்ததா, வந்த நேரம், வராத நாளில் எப்படி வீடு போனீர்கள், ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதி வரச் சொன்னேன். அவர்களில் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முப்பது நாளில் பதினொரு நாள் பேருந்து வரவில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பதினொரு நாளும் கட்டணமில்லாப் பயணம் என்பது இந்தப் பெண்களுக்கு ஆட்டோ வாடகையாக மாறியிருந்தது. அதை அந்த நோட்டு காட்டியது. அதோடு பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போட்டோம்: அந்தத் தடத்தில் அனுமதிக்கப்பட்ட நடைகள் எத்தனை, குறிப்பிட்ட மாதத்தில் கடைசி நடை இயக்கப்பட்ட நாட்கள் எவை. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தது. நோட்டும் பதிலும் இரண்டு நாள் வித்தியாசத்தில் ஒத்துப்போயின. அதன்பின்தான் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனோம்.

கையில் கொண்டுபோனது இப்படி இருந்தது:

'போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்கள் கீழ்க்காணும் விவரங்களைத் தெரிவிப்பாரா?
(அ) இத்தடத்தில் இரவுக் கடைசி நடை குறிப்பிட்ட மாதத்தில் எத்தனை நாள் இயக்கப்படவில்லை?
(ஆ) இயக்கப்படாததற்குக் காரணம் ஓட்டுநர், நடத்துநர் பற்றாக்குறையா, பேருந்துப் பழுதா?
(இ) அந்த நாட்களில் மாற்றுப் பேருந்து அனுப்பப்பட்டதா?
(ஈ) கடைசி நடை நாள்தோறும் இயங்குவதற்கு எந்தத் தேதிக்குள் ஏற்பாடு செய்யப்படும்?'

வழக்கமாக எழுதும் கேள்வி 'இத்தடத்தில் கூடுதல் பேருந்து இயக்க அரசு முன்வருமா?' என்பது. அதற்குப் பதில் எனக்கு மனப்பாடம்: 'நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்.' எத்தனை நாள், என்ன காரணம், எந்தத் தேதி என்று கேட்டால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. கோப்பைத் திறந்தாக வேண்டும். கேள்வி அவைக்கு வருவதற்கு முன்பே துறையிலிருந்து கீழே பணிமனை வரை விவரம் கேட்டு வருவார்கள். பல வேலைகள் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. எங்கள் பேருந்தும் அப்படித்தான்: கேள்வி அவையில் வாய்மொழியாக வரவே இல்லை, பேருந்து வந்துவிட்டது.

மலைக்குச் சாலை கேட்பவர்களுக்கு

அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. 2023-ல் அல்லேரியில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் சுமந்துகொண்டு மலையேறிய செய்தியைப் படித்த அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை. அங்கிருந்து வருபவர்களுக்கு நான் காசு வாங்குவதில்லை.

மலைச் சாலைக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் வனநிலம். அதற்கு 2006-ன் வன உரிமைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, பிரிவு 3(2). சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர் போன்ற பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் ஒதுக்கலாம். ஆனால் கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ எவ்வளவு பேசினாலும் அந்தத் தீர்மானத்தை அவர்கள் போட முடியாது, நீங்கள்தான் போட வேண்டும். தீர்மானத்தில் சாலை தொடங்கும் இடம், முடியும் இடம், நீளம், அகலம் எல்லாம் இருக்கட்டும். அதன் நகலை இணைத்து, 'இந்தத் தேதியில் நிறைவேற்றிய தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?' என்று சட்டமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 பேர் வரை 100 பேர், 10,000 பேர் வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆள் குறைந்த கூட்டத்தின் தீர்மானத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆகவே வருகைப் பதிவேட்டில் கையெழுத்தை எண்ணிப் பார்த்துவிட்டே எழுந்து வாருங்கள். நகரத்தில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை நடக்கிறது.

கொடுக்கும் நேரமும் கொடுக்கும் விதமும்

சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் (அந்தத் துறை செலவுக்குக் கேட்கும் பணம்) விவாதத்துக்கு வரும். அந்தப் பணத்தைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்து உறுப்பினர்கள் தொகுதிப் பிரச்சினையைப் பேசும் காலம் அது. உங்கள் தாள் அதற்கு ஒரு மாதம் முன்பே அவர் கையில் இருக்க வேண்டும். திடீரென்று நடந்த அவசரமான விஷயமென்றால், அமைச்சரின் கவனத்தை அதன்மேல் திருப்பச் சட்டமன்ற விதி 55-ன் கீழ்க் கவன ஈர்ப்பு உண்டு. மக்களவையில் கேள்விக்கு 15 முழு நாள் முன்னதாக அறிவிப்பு வேண்டும். ஒரு நாளுக்கு 20 கேள்விகள் மட்டுமே நேரில் பதில் சொல்லும் பட்டியலில் வரும், 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். எழுத்துப் பதிலைக் குறைவாக நினைக்காதீர்கள். அது மக்களவை இணையதளத்தில் நிலைத்திருக்கிறது. நாளைக்கு நீதிமன்றத்திலும் காட்டலாம்.

எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு இருபது பேராகப் போகாதீர்கள், மூன்று பேர் போதும். அவர்களில் ஒருவர் பாதிக்கப்பட்டவராக இருக்கட்டும். தாள் ஒரே பக்கம். இணைப்புகள் தனியாக, எண் போட்டு. உதவியாளரிடம் பேசுங்கள், தாளைத் துறைவாரியாகப் பிரித்து அனுப்புவது அவர்தான். உங்கள் படியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். சால்வை வாங்கிப் போகும் பணத்தில் ஜெராக்ஸ் எடுங்கள்.

பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினை என்றால் சட்டமன்ற மனுக்கள் குழுவும் இருக்கிறது. குழு மாவட்டத்துக்கு வரும்போது மனுக்களை அனுப்பச் சொல்லிச் செய்தி வெளியாகும். தமிழில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டு, ஐந்து படிகள். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை. தனிநபர் குறை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு, கடன், நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு எதையும் ஏற்க மாட்டார்கள். அவற்றைத் திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள்.

பதில் வந்தபின்

'பரிசீலனையில் உள்ளது', 'ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்தால் பலரும் சோர்ந்துபோகிறார்கள். சோர்ந்துபோக வேண்டாம். அவையில் அமைச்சர் சொல்லும் அத்தகைய சொற்கள் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படக்கூடியவை. அவை நிறைவேறினவா என்று பார்க்கச் சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு குழு இருக்கிறது. மக்களவையிலும் உண்டு, அங்கே உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது முறை. பதில் கிடைத்த தேதியைக் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்து அதே உறுப்பினரிடம் போய், 'அந்த உறுதிமொழி குழுவின் பட்டியலில் இருக்கிறதா?' என்று கேளுங்கள். இந்தக் கேள்வியோடு போகிறவர் மிகக் குறைவு. அதனாலேயே உதவியாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

பதிலின் நகலை எடுத்து ஊராட்சி அலுவலகத்திலும், பேருந்து நிற்கும் இடத்திலும் ஒட்டுங்கள். துப்புரவுப் பணிப் பெண்கள் அந்த நோட்டைப் பேருந்து வந்த பிறகும் நிறுத்தவில்லை. நாற்பது பக்கம் முடிந்து இரண்டாவது நோட்டு ஓடுகிறது. மாதக் கடைசியில் ஒருவர் என் மேசைக்குக் கொண்டுவந்து காட்டுவார். நான் கூட்டல் போட்டு, பக்கத்தின் அடியில் தேதியிட்டுக் கொடுப்பேன்.